மொத்த வியாபாரி ஏழுமலை

வரி ஆலோசகர் ஆபீஸ் என்பது, கணக்கு உள்ளவர்கள் அதை மறைக்கவும், கணக்கு இல்லாதவர்கள் அதைத் தேடவும் வந்து உட்காரும் இடம். முசரவாக்கம் ஏழுமலை இரண்டாவது வகை. கூலிக்குப் பட்டுத் தறி நெய்கிறவர். அவர் செய்யாத வியாபாரத்துக்கு, யாரும் அவருக்குக் காட்டாத கணக்கைக் கோர்ட் அவரிடம் கேட்டது. அவர் கொடுக்கவில்லை என்று அவரைத் தண்டித்தது. நடந்த அநியாயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

நான் அப்போது சென்னையில் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்திருந்தேன். சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்கிற வரைக்கும் காஞ்சிபுரத்தில் சம்பந்தம் சாரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். விற்பனை வரி விவகாரம் மட்டும் பார்ப்பவர் அவர். வீட்டில் உப்பு குறைந்தால்கூட நான் வாதம் பண்ணுவேன் என்பதால், "அங்க போய்க் கத்து, காசாவது வரும்" என்று அம்மா சந்தோஷமாக அனுப்பி வைத்தாள். ரேஷன் கார்டில் ஒரு பெயரைத் திருத்துவதற்காகவாவது கவுண்டர் கவுண்டராக நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. நின்றதே இல்லை என்கிறவர்கள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களாக இருக்க வேண்டும்.

கதவில் ஒட்டிய பட்டம்

ஒரு காலையில் ஏழுமலையும் அவர் மனைவி அஞ்சலையும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். அவர் கையில் பசை காயாத ஒரு காகிதம், கிழியாமல் உரிப்பதற்குப் பட்ட பாடு தெரியும்படி ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. "கதவுல ஒட்டிட்டுப் பூட்டாங்கம்மா. கதவையே கயட்டிக்கினு வர்லாமான்னு பார்த்தோம்" என்றார். வாங்கிப் படித்தேன். 'ஏழுமலை அண்டு கோ, பட்டு நூல் மற்றும் சரிகை மொத்த வியாபாரம், முசரவாக்கம்' என்று விலாசம். வாங்கிய நூல், விற்ற சரிகை, இருப்பு எல்லாவற்றுக்கும் கணக்குப் புத்தகங்களை வரி அதிகாரி முன் காட்டும்படி பலமுறை கேட்டும் காட்டவில்லையாம். இனி கோர்ட் கேட்குமாம். முன்னால் வந்த நோட்டீஸ்கள் எங்கே என்றேன். வீட்டுக்கு எதுவும் வரவில்லை, தறிக்கு நூல் கொடுக்கிற முதலாளி கடையில் யாராவது வாங்கி வைத்திருப்பார்கள் என்றார்.

எப்படி என்று விசாரித்தேன். இந்த ஊரில் கூலிக்கு நெய்கிறவர் நூல் வாங்குவதில்லை. நீளவாட்டில் ஓடும் பாவு, குறுக்கே ஓடும் ஊடை நூல், சரிகை மூன்றையும் முதலாளி கொடுப்பார். இவர் நெய்து, புடவையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்குவார். ஒவ்வொரு பாவு எடுக்கும்போதும் கையெழுத்து உண்டு. "கணக்குப்பிள்ளை ஏட்டைத் திருப்பிக்கினே இருப்பாரு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு விரல் காட்டுவாரு. நான் போட்டுக்கினே போவேன். பாவு கைக்கு வந்தா போதும்னு இருக்கும்" என்றார் ஏழுமலை. அப்படிப் போட்டதில் ஒன்று, தன்னை வியாபாரியாகப் பதிவு செய்யச் சொல்லும் விண்ணப்பம். அன்றிலிருந்து முதலாளி வெளியில் விற்ற நூலும் சரிகையும் காகிதத்தில் மட்டும் முசரவாக்கத்துக்குப் போய், ஏழுமலையின் ஓட்டு வீட்டில் தங்கி, ஏழுமலை விற்றதாகத் திரும்பின.

அவரை மொத்த வியாபாரி என்று எழுதியிருக்கிறது என்று நான் படித்துக் காட்டினேன். அஞ்சலைதான் எங்கள் ஆபீஸைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மொத்த வியாபாரின்னா வூட்ல குந்த ஒரு நாற்காலியாச்சும் இருக்காதாம்மா?"

சார் காபி ஆற்றியபடி சொன்னது

அவர்கள் போனதும் நோட்டீஸைச் சார் மேஜையில் வைத்து, இது மோசடி, உடனே எழுத வேண்டும், நான் வரைவு தயார் பண்ணுகிறேன் என்று ஆரம்பித்தேன். சார் காபியை டவராவில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். என் பேச்சு முடிகிற வரைக்கும் ஆற்றினார். பிறகு, "அந்த அப்ளிகேஷன் நம்ம ஆபீஸ்லதாம்மா டைப் ஆச்சு. நீ வர்றதுக்கு முன்னாடி" என்றார். முதலாளி எங்கள் கட்சிக்காரர். பழைய கட்சிக்காரர். இந்த ஊரில் காகிதத்தில் இருக்கும் மொத்த வியாபாரிகளில் பலர் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நெய்கிறவர்கள்தான் என்றும், வியாபாரத்தைப் பல பெயரில் பிரித்துக் காட்டினால் ஒவ்வொரு பெயருக்கும் வரி குறையும் என்றும், இதெல்லாம் நான் எம்.ஏ.யில் படித்திருக்க மாட்டேன் என்றும் விளக்கினார்.

அப்படியானால் சட்டத்தின் பார்வையில் யார் வியாபாரி, நூலை விற்றவனா, கையெழுத்துப் போட்டவனா என்று கேட்டேன். கையெழுத்து என்றார். அப்படிப்பட்ட சட்டம் எதற்கு என்றேன். சட்டத்தை நான் கொண்டுவரவில்லை என்றார். தான் எந்தப் பக்கமும் ஆஜராகப் போவதில்லை என்றார். நான் வேண்டுமானால் ஆபீஸ் நேரம் போக, ஆபீஸ் பெயரைச் சொல்லாமல் அவர்களுக்கு உதவலாம் என்று அனுமதி கொடுத்தார். அதைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. உங்களுக்கே மனசாட்சி உறுத்தவில்லையா சார் என்று வாசல்வரை போய்த் திரும்பிக் கேட்டதற்குத்தான் இந்தப் பதில்: "நியாயம் எந்தப் பக்கம்னு எனக்கும் தெரியும்மா. ஃபீஸ் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னும் தெரியும்."

சின்ன காஞ்சிபுரத்தில் கல்யாண ஜவுளி

அடுத்த வழி நேர் வழி என்று முடிவு செய்து, அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு முதலாளியின் கடைக்குப் போனேன். ஏழுமலை பெயரில் எழுதிய புத்தகம் எப்படியும் அவரிடம்தானே இருக்கும்? அதைக் கொடுத்தால் கோர்ட்டில் காட்டிவிடலாம். கொடுத்தால் அவர் மாட்டிக்கொள்வார் என்பது எனக்குத் தெரியாததல்ல. நாலு பேர் முன்னால் கேட்டால் மறுக்க வெட்கப்படுவார் என்று நினைத்தேன்.

கடையில் ஒரு கல்யாணக் கோஷ்டி வெள்ளை விரிப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தது. முதலாளி ஒரு அரக்கு நிறப் புடவையை முந்தியோடு விசிறிக் காட்டிக்கொண்டிருந்தார். "வாம்மா பாப்பா, உனக்கா, அக்காவுக்கா?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஏழுமலை அண்டு கோ என்று உரக்கச் சொன்னேன். அஞ்சலை என் புடவையைப் பின்னாலிருந்து இழுத்து, "சத்தம் போடாதம்மா, தறியில அவரு பாவு ஓடிக்கினு இருக்குது" என்று கிசுகிசுத்தாள். அவள் கண் அந்த அரக்குப் புடவையின் கரையில் நின்றிருந்தது. அவள் வீட்டுத் தறியில் நெய்து அறுத்த புடவைதான் என்று வெளியே வந்த பிறகு சொன்னாள்.

முதலாளி கோபப்படவில்லை. புடவையை மடிப்புப் பிசகாமல் மடித்தார். அப்புறம் கல்யாணக் கோஷ்டிக்கும் கேட்கும்படி சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஊர்ல வூட்டுக்கு ஒரு ஏழுமலை இருக்கான் பாப்பா, நான் யாரைன்னு கண்டேன்? எனக்குத் தெரிஞ்ச ஏழுமலையான் திருப்பதியில இருக்காரு, அவராண்ட போய்க் கணக்கு கேளு."

இரக்கமுள்ள மாஜிஸ்திரேட்

கோர்ட்டில் டவாலி, "ஏழுமலை அண்டு கோ! ஏழுமலை அண்டு கோ!" என்று கூவினார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஏழுமலை யாரோ பெரிய மனிதர் வரப்போகிறார் என்பதுபோல வாசலைத் திரும்பிப் பார்த்தார். நான் பின்வரிசையிலிருந்து கை காட்டி எழுப்பினேன். கூடவே அஞ்சலையும் எழுந்து, "அண்டு கோன்றது நானாம்மா?" என்று கேட்டாள். பக்கத்து வக்கீல்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கம்பெனியில் அவரைத் தவிர ஆள் இருந்தால் அது அவள்தான்.

நான் இன்னும் வக்கீல் இல்லை. வாயைத் திறக்க முடியாது. வக்கீல் வைக்க அவர்களுக்கு வசதி இல்லை. ஏழுமலையே பேசினார். கூலிக்கு நெய்யறவன், வியாபாரம் தெரியாது, நூல் முதலாளியுடையது என்றார். மாஜிஸ்திரேட் விண்ணப்பத்தைக் காட்டி, "இந்தக் கையெழுத்து உன்னுதா?" என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் சொல்கிறார்கள்! ஏழுமலை குனிந்து, உற்றுப் பார்த்து, தன் பெயரை அடையாளம் கண்ட சந்தோஷத்தோடு, "என்னுதுதாங்க" என்றார்.

மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். அதை நான் மறைக்கப் போவதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு கெடுதல் நடந்திருக்காது. வரி ஆபீஸின் வக்கீல் அன்றைக்கே தண்டனை கேட்டபோது அவர் மறுத்தார். பட்டு நூல், சரிகை சம்பந்தமாக வீட்டில் எது இருந்தாலும், எழுதியதோ எழுதாததோ, அடுத்த வாய்தாவுக்குக் கொண்டு வரும்படி உத்தரவு போட்டார். இறங்கப் போன ஏழுமலையை நிறுத்தி ஆறுதலாகவும் ஒரு வார்த்தை சொன்னார்: "கோர்ட் உனக்கு எதிரி இல்லப்பா, பயப்படாதே, உன்கிட்ட இருக்கறதைக் கொண்டு வா, போதும்."

மஞ்சள் பையிலிருந்து வந்த ஆவணம்

அடுத்த வாய்தாவுக்கு அவர்கள் ஒரு மஞ்சள் துணிப் பையோடு வந்தார்கள். என்ன என்று என்னிடம் சொல்லவில்லை. முதல் தடவையாக இருவர் முகத்திலும் தெம்பு இருந்தது. கூப்பிட்டதும் அஞ்சலை முன்னால் போய், பெஞ்ச் கிளார்க் மேஜைமேல் பையைக் கவிழ்த்தாள். பட்டு நூல் கற்றைகள். விரல் தடிமனில், ஒவ்வொன்றும் ஒரு நிறம்: அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, வெங்காயத்தோல். மேஜையிலிருந்த கட்டுகள் எல்லாம் மூடிப்போயின.

ஒரு பாவு நெய்து முடிந்ததும், அடுத்த பாவின் இழைகளைப் பழையதின் நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பதைப் பிணைப்பது என்பார்கள். அஞ்சலையின் வேலை அது. பிணைத்ததும் அறுத்துப் போடுகிற நுனியில் ஒரு கற்றையைத் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் மாட்டி வைப்பாள். நிறம் மங்கியிருக்கிறது, சாயம் வேறு என்று முதலாளி கூலியில் பிடிக்கும்போது, கொடுத்த நூல் இதுதான் என்று காட்ட. "நாங்க நெய்ஞ்ச ஒவ்வொரு பாவுக்கும் ஒரு கத்தைங்க. ஒண்ணுகூட விடல. எல்லாம் கொண்டாந்துட்டோம்" என்றாள். எல்லாம் முதலாளி கொடுத்தது, நாங்கள் நெய்ததுதான், விற்றதில்லை, பாருங்கள் என்பது அவள் வாதம். நான் படித்த வாதங்களைவிட அது ஒன்றும் மோசமில்லை.

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்து, பிறகு கையை உயர்த்தி அடக்கினார். சிரிக்காதவர் ஒருவர்தான்: வரி அதிகாரி. தன் கிளார்க்கின் காதில் ஏதோ சொன்னார். கிளார்க் வந்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, கற்றைகளை நிறம் நிறமாகப் பிரித்து எண்ண ஆரம்பித்தார். கற்றைக்கு ஒரு பாவு, பாவுக்கு மூன்று புடவை, புடவைக்கு இவ்வளவு நூல், இவ்வளவு சரிகை. சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு பட்டு நூல் தன் வீட்டுக்குள் வந்ததை ஏழுமலையே ஒப்புக்கொண்டார், வந்த நூலுக்குக் கணக்கு மட்டும் காட்டவில்லை என்று வரி ஆபீஸின் வக்கீல் எழுந்து சொன்னார். கணக்கு காட்டாதவருக்கு அதிகாரி தானே ஒரு உத்தேசக் கணக்குப் போட்டு வரி விதிக்கலாம். இத்தனை நாள் உத்தேசத்துக்கு ஒரு பிடி கிடைக்காமல் இருந்தது. அஞ்சலை அதைக் கையோடு கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

என்ன நடந்தது என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை. பார்த்தாயிற்று என்று நினைத்து, கற்றைகளைச் சிக்கு விழாமல் திரும்பப் பைக்குள் எடுத்து வைக்கப் போனாள். பெஞ்ச் கிளார்க் அவள் கையைத் தடுத்து, ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிட்டார்: "வெச்சுடும்மா. இனிமே அது நூல் இல்ல, ஆவணம்."

வராந்தாவில்

அதிகாரியை வராந்தாவில் மறித்தேன். வயது வித்தியாசம், பதவி வித்தியாசம் ஒன்றும் பார்க்கவில்லை. அந்த வீட்டை நீங்கள் பார்த்ததுண்டா, அங்கே மொத்த வியாபாரம் நடக்கும் என்று உங்கள் மனசு நம்புகிறதா, முதலாளி யார் என்று இந்தத் தெருவில் டீ ஆற்றுகிறவருக்குத் தெரியும்போது உங்களுக்குத் தெரியாதா என்று அடுக்கினேன். அவர் டிபன் கேரியரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். களைத்த மனிதர். பொய் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. "எல்லாம் தெரியும்மா எனக்கு. தெரிஞ்சதை ஃபைல்ல எந்தப் பக்கத்துல வைக்கிறது, அதைச் சொல்லு."

தறிக்கு விலக்கு உண்டு

கணக்கு காட்டாததற்கு அபராதம். கற்றைகளை எண்ணிப் போட்ட வரியையும் அபராதம் மாதிரியே கோர்ட் வசூலிக்கலாம் என்று உத்தரவு. கட்ட வழியில்லை. ஜப்தி வாரண்டோடு கோர்ட் அமீன் முசரவாக்கம் போகிறார் என்று கேள்விப்பட்டு, சாரின் அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

கைத்தொழில் செய்பவனின் கருவியை ஜப்தி செய்யக் கூடாது என்ற பிரிவைத் தறிக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தேன். அமீன் தலையாட்டினார். "தறிக்கு விலக்கு உண்டும்மா. சமையல் பாத்திரத்துக்கும் உண்டு. தாலிக்கும் உண்டு" என்று அவரே பட்டியலை நீட்டினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். விலக்கு உள்ளதை எல்லாம் கழித்தால் அந்த வீட்டில் மீதி இருந்தது ஒன்றுதான்: தறியில் பாதி நெய்து நின்ற புடவை. தேன் நிறம், இரண்டு பக்கமும் பச்சைக் கரை, கனமான சரிகை. நெய்த பகுதி தறிக்கட்டையில் சுருண்டிருந்தது.

அப்போதுதான் வாசலில் கார் நின்றது. யாரோ சொல்லி முதலாளி ஓடி வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்து, "கை வைக்காதே! அது என் பட்டு. பாவு என்னுது, சரிகை என்னுது, கல்யாண ஆர்டர்யா அது!" என்று கத்தினார். "அமீன் சார், இவர் சொன்னதை அப்படியே எழுதிக்குங்க. இந்த வீட்டுக்கு வர்ற நூல் யாருதுன்னுதானே கோர்ட்டே கேக்குது? கையெழுத்தும் வாங்கிக்குங்க" என்றேன். அமீன் பேனாவின் மூடியைக் கழற்றி, காகிதத்தோடு முதலாளி பக்கம் நீட்டினார்.

முதலாளி பேனாவைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். கடைசியில், "இல்ல... வேற வூடுன்னு நெனச்சு வந்துட்டேன்" என்றார். அமீன் திரும்பி, "அப்போ புடவை உன்னுதாப்பா?" என்று ஏழுமலையைக் கேட்டார். ஏழுமலை, "நெய்யறதுதாங்க நாங்க. யாருதுன்னு இதோ நிக்கறாரே, அவரையே கேளுங்க" என்றார். முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரில் வெறும் ஆணிகள்.

அமீன் பிளேடு கேட்டார். அஞ்சலை கொடுக்கவில்லை. "நீ அறுத்தா பாவு கோத்திருக்கற அச்சு பாழாப் பூடும், தள்ளுய்யா" என்று தானே குழியில் இறங்கி, முந்தி நெய்யாத அந்தப் புடவையை ஒரு கோடு பிசகாமல் அறுத்து எடுத்துக் கொடுத்தாள். இழுத்துக் கட்டியிருந்த பாவு தளர்ந்து சரிந்தது. முதலாளி வெளியே போகும்போது ஏழுமலையின் தோளருகில் நின்று, எனக்கும் கேட்கும்படிதான் சொன்னார். பெயர் அவருக்கு இப்போது நன்றாக ஞாபகம் வந்திருந்தது: "அறுத்த புடவைக்கு நூல் விலையை உன் கூலியிலதான் பிடிப்பேன், ஏழுமலை."

வந்த பதில்

பாதிப் புடவையை ஏலத்தில் யார் எடுப்பார்கள்? வந்தது போதவில்லை. மீதிக்கு ஏழுமலை சப்-ஜெயிலுக்குப் போய் வந்தார். திரும்பி வந்தபோது, கோர்ட் படி ஏறியவன் வீட்டுக்குப் பாவு கொடுத்தால் வம்பு என்று ஊரில் எந்த முதலாளியும் கொடுக்கவில்லை. அவருடைய சொந்தத் தறி, சட்டப்படி விலக்கு பெற்ற தறி, வெறும் கட்டைகளாக நின்றது. திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு வீட்டில், வேறொருவர் தறியில், வேறொருவருக்குக் கீழே ஆளாகப் போனார். அஞ்சலை வீடு வீடாகப் போய்ப் பாவு பிணைத்துக் கொடுத்தாள்.

தண்டனை முடிந்ததே, இனி என்ன என்று நினைக்காதீர்கள். பதிவுப் புத்தகத்தில் ஏழுமலை அண்டு கோ இன்னும் கடை திறந்துதான் இருந்தது. அது இருக்கிறவரைக்கும் வருஷா வருஷம் நோட்டீஸ் வரும்; வருஷா வருஷம் இல்லாத கணக்கைக் கேட்பார்கள்; அறுக்கப் புடவை இருக்காது, ஆள்தான் போக வேண்டும். ஆகவே வரி ஆபீஸின் மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன். இரண்டே கோரிக்கை: ஏழுமலை வியாபாரி அல்லாததால் அவர் பெயரிலுள்ள பதிவை நீக்க வேண்டும், அவர் மனைவியின் நூல் கற்றைகளைத் திருப்பித் தர வேண்டும். சார் அதைப் படித்தார். கோபமான வார்த்தைகளைத் தேடித்தேடி அடித்தார். "நம்ம லெட்டர்ஹெட் வேணாம்மா, வெள்ளைக் காகிதத்துல போடு" என்றார். அடித்ததைத் திரும்ப எழுதி, வெள்ளைக் காகிதத்தில் போட்டேன்.

பதில் வர மழைக்காலம் ஆகிவிட்டது. உறைமேல் 'மொத்த வியாபாரி திரு. ஏழுமலை' என்று இருந்ததைப் பார்த்தபோதே திரும்பி நடந்திருக்க வேண்டும். முசரவாக்கம் போனேன். அன்று அவருக்கு வேலை இல்லை. இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். வெறும் தறியின் மேல் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. "நல்ல சேதியாம்மா?" என்று கேட்டார் ஏழுமலை. முழுசாகப் படிக்கச் சொன்னார். முதல் பத்தி கற்றைகளைப் பற்றியது: இந்த வியாபாரியைப் பொறுத்தவரை அலுவலகத்தில் உள்ள ஒரே கணக்கு அவைதான் என்பதால் திருப்பித் தர இயலாது. அஞ்சலை, "எங்களுக்குன்னு இருந்த கணக்கு அது ஒண்ணுதானே, அதைக் கண்டுக்கினாங்களே" என்று சொல்லிவிட்டு, ஆணிகள் இருந்த சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

இதுவரை வீட்டிலும் வகுப்பிலும் வராந்தாவிலும் எத்தனையோ பேரோடு மல்லுக்கு நின்று அவர்கள் வாயை அடைத்திருக்கிறேன் என்றாலும், என்னால் ஒரு எழுத்துகூட எதிர்த்துப் பேச முடியாமல்போன ஒரே பதில், அந்த இரண்டாவது பத்தியில் எழுதியிருந்தபடி, இதுதான்: "மனுதாரர் தமது வியாபாரம் தொடங்கிய நாள் முதலான எல்லாக் கணக்குப் புத்தகங்களையும் நேரில் கொண்டுவந்து காட்டினால், அவர் வியாபாரி அல்ல என்பது பரிசீலிக்கப்படும்."